நந்தனாரும் கிந்தனாரும்

படம் பார்ப்பது களிப்பதற்கே. அதைத் துருவி ஆராய்வானேன் என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். வெயிலிலும் மழையிலும் உழைத்தவன் மூன்று மணி நேரம் தன்னை மறந்திருக்குமிடத்தில் ஆராய்ச்சிக்காரனுக்கு என்ன வேலை என்கின்றனர். கேள்வி நியாயமானதுதான். ஆங்கிலப் பள்ளியில் எனக்கு ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் கூறுபோடக் கற்பித்தனரே யன்றி, அவற்றைக் கண்டு சிரிக்கவோ அழவோ கற்பிக்கவில்லை. அந்தப் பழக்கத்தோடு கொட்டகைக்குள் நுழைபவன் பக்கத்திலிருப்போர்க்கும் தொல்லையே. ஆயினும், ஆராயாது விடத்தகாத படங்களும் உண்டு. அவை மட்டமான படங்களல்ல. மிக நன்றாக நடிக்கப்பெற்ற படங்கள்.

அண்மையில் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஜெமினியாரின் 'நந்தனார்' (1942) காட்டப்பட்டது. தேவாரப் பயிற்சி மிக்க எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனார். செருகளத்தூர் சாமா அவருடைய ஆண்டையாகிய வேதியர். இதற்கு முன் 1935இல் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேடந்தாங்கினார். அதற்காக அவர் பெற்ற ஊதியம் இலட்ச ரூபாய் என்பது அக்காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. தேசிகரின் குரலோ வேறு வகை. சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு அவர் கைகட்டி நிற்கையில், அந்தக் கெஞ்சுதலே ஓர் அழகாகி விடுகிறது. மண்டபத்தில் கண் கலங்காதவர் இல்லை. யானும் கலங்கினேன்.

நிற்க. படம் முடிந்து திரும்புகையில், இளமை முழுதும் பால்மரம் சீவி ஓய்ந்த பாட்டி ஒருவர் என்னோடு நடந்து வந்தார். "பாட்டெல்லாம் தேன் ஐயா," என்றவர் சற்றுத் தூரம் சென்று, "ஆனா என் நிரையை ஒரு நாளும் சாமி வந்து சீவிக் குடுக்கலியே. தைப்பூசத்துக்குப் போனா கிராணி சம்பளத்தை வெட்டினாரு," என்றார். நானும் கிராணி என்பதை அறிந்தேதான் கூறினார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அவர் சுட்டிய இடம் கதையின் உயிர்நிலை. நாற்பது வேலி நிலத்தின் வெள்ளாமையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஓரிரவில் இறையருளால் பயிர் விளைந்து நிற்கிறது. ஆண்டை அதிசயித்து அடியாரின் காலில் விழுகிறார். சேக்கிழாரின் பெரிய புராணத்தில் இந்த வேதியரே கிடையாது. அங்கே ஆதனூர் நந்தனார் தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி, 'நாளைப் போவேன்' என்று நாட்களைக் கடத்துகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடியபோது ஆண்டையைப் படைத்து நடுவில் நிறுத்தினார். இதற்காக அவரைப் பாராட்டவே வேண்டும். பண்ணையாளைத் தடுப்பது அவன் மனம் மட்டுமன்று, நிலமுடையவனின் சொல்லும் ஆகும் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால், கண்ட உண்மையை அவரே மறு கையால் மூடிவிட்டார். ஆண்டையின் வேலையை ஆண்டவன் செய்து கொடுத்தான். ஆண்டைக்கு ஒரு மணி நெல்லும் நட்டமில்லை. நட்டமில்லாதவன் காலில் விழுவது எளிது. அப்பாலும் சிதம்பரத்தில் நந்தனார் தீயில் மூழ்கியே தூய்மை பெற வேண்டியிருந்தது. வேதியரை எந்தத் தீயிலும் இறங்கச் சொல்வாரில்லை.

இவ்வளவும் படம் ஓடுகையில் எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேசிகர் பாடாதிருந்தால் ஒருவேளை தோன்றியிருக்கும். நடிப்பு மட்டமாயிருந்தால் எந்தப் பாமரனும் "இதென்ன கதை?" என்று கேட்டு விடுவான். நடிப்பு உயர உயரக் கேள்வி அடங்குகிறது. கைகட்டி நிற்பது பெருமை என்று, நம் கண்ணீரைச் சாட்சியாக வைத்து, ஒரு கலைஞன் நம்மை நம்பச் செய்து விடுகிறான். அவன் அப்படிக் கருதாமலே இது நேரலாம்.

ஆராய்ச்சி வந்தால் களிப்புப் போய்விடும் என்பாருக்கு என். எஸ். கிருஷ்ணனையே விடையாகக் காட்டுவேன். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் அவர் நிகழ்த்தும் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் நந்தனார் கதையைப் பற்றிய திறனாய்வே யன்றி வேறென்ன? பாகவதர்களின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, சேரிப் பையன் ஒருவனுக்குச் சிதம்பரத்திற்குப் பதிலாகப் படிப்பின்மீது ஆசை மூட்டினார். தெய்வம் வந்து செய்ய வேண்டியதை ரயில் செய்கிறது. அது சாதி பாராமல் எல்லோரையும் ஏற்றிச் செல்கிறது. பையன் தீயில் இறங்கவில்லை. பரீட்சையில் தேறிப் பெரிய உத்தியோகத்தில் அமர்கிறான். இதைக் கேட்டுக் குலுங்கிச் சிரித்தவர்களில் எவரும் "கலைவாணரே, ஏன் ஆராய்கிறீர்?" என்று குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

கலைவாணரின் கதையும் குறையற்றதன்று. கிந்தனார் ஒருவர் ரயிலேறிப் போய்விட்டார். சேரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாட்டியின் கணக்கில் வெட்டுண்ட அந்த ஒரு நாளுக்கு இவரிடமும் விடையில்லை. இசையை ஒப்பிட்டாலோ தேசிகரின் பக்கமே தராசு தாழும்.

அடுத்த மாதம் 'நல்லதம்பி'யைக் காட்டலாமென்று மண்டபத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். பாட்டியாரிடமும் கூறினேன். "பாட்டு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்போ முன் வரிசையில எடம் போட்டு வையுங்க ஐயா," என்றார்.