முந்தின மாதிரி இல்லை

மன்னாரில் பழைய நாட்டுக்கூத்து ஒன்று பல வருடம் கழித்து மறுபடி மேடையேறினால், பாய் சுருட்டி எழும்பும்போதே சனம் தீர்ப்பைச் சொல்லிவிடும்: "முந்தின மாதிரி இல்லை." பேசாலையிலும் வங்காலையிலும் முருங்கனிலும் இது பழகிப்போன தீர்ப்பு. கூத்தை மீட்டெடுக்க இரவு பகலாய் உழைத்தவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். பழமைப் பிடிவாதம், மாற்றத்தைச் செரிக்க முடியாத கிழட்டுக் குணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சனத்தின் அந்த முறைப்பாட்டில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் ரசிகர் சொல்லும் காரணம் வேறு, அவரை உறுத்தும் காரணம் வேறு.

முதலில் அந்த ரசிகரின் காதுக்கு உள்ள தகுதியைப் பார்க்கவேண்டும். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு வழி உண்டு. முன்னதை யாழ்ப்பாணப்பாங்கு என்பார்கள், பின்னதை மாதோட்டப்பாங்கு என்பார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆட்டமும் மெட்டும், பாத்திரம் மேடைக்கு வரும்போது வரவு பாடும் முறையுமே. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியில் விருத்தம், தரு என்று பாட்டு வகையின் தலைப்பும் வரிகளும் இருக்கும். எந்தச் சொல்லில் குரலை இழுத்து எங்கே விடவேண்டும் என்பது அதில் இராது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'என்றிக் எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலிய நாடகங்களைப் பதிப்பித்தார். அந்த அச்சு பாட்டைக் காப்பாற்றியது, மெட்டைக் காப்பாற்ற அதனால் முடியாது. பிறகு போர் வந்தது. ஊர்கள் மடுவுக்கும் கடல் கடந்து இராமேஸ்வரத்துக்கும் சிதறின. அப்படிச் சிதறிய ஊரில் மெட்டுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி, இளவயதில் பிற்பாட்டுப் பாடிய சனத்தின் நினைவுதான். முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்தால் அண்ணாவியார் திரும்பிப் பார்ப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. பிழை திருத்த அவருக்கு வேறு மூலப்பிரதி கிடையாது.

ஆனால் அந்த நினைவுக்கு ஒரு குறை உண்டு. 'முந்தின' என்று அது சொல்வது தன் பதினெட்டாம் வயதை; அதற்கு முந்தியதை அது அறியாது. 'எம்பரதோர்' என்ற சொல்லே பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். இந்தக் கரையில் வேதம் வந்த வழியில் கூடவே வந்து தமிழ்க் கூத்துக்குள் குடியேறியது. பெற்றோல்மாக்ஸ் விளக்கும் தொங்கும் மைக்கும் ஒரு காலத்துப் புதுமைகள். சுருக்குவதும் அப்படித்தான். இரண்டு மூன்று இரவு ஆடிய நாடகத்தை ஓரிரவில் ஆடும்படி சுருக்கியே வாசாப்பு என்ற வடிவம் வந்தது. வாசகப்பா என்ற பெயர் மருவி வாசாப்பு ஆனதாம். 'மூவிராசாக்கள்' நாடகமாகவும் உண்டு, வாசாப்பாகவும் உண்டு. இன்று "கூத்தை வெட்டிக் குறைச்சுப்போட்டாங்கள்" என்று குமுறுகிறவர் கொண்டாடும் வாசாப்பே வெட்டிக் குறைத்த பிரதிதான். பெண் வேடத்தை ஆணே கட்டவேண்டும் என்று சில இடங்களில் இன்னும் கேட்கும் குரலும் இந்த வகைதான். அது மெட்டைக் காக்கவில்லை, வழக்கத்தைக் காக்கிறது. இந்த இடத்தில் ரசிகர் பக்கம் நிற்க எனக்கு இயலாது.

அப்படியானால் நீளம் பிரச்சினையில்லை. பிறகு உறுத்துவது எது? விடிய விடிய ஆடும் கூத்தில் ஒரே ராசாவுக்கு இரண்டு மூன்று பேர் வேடம் கட்டுவார்கள். முதல் ராசா மெலிந்த நெடுவல், கீச்சுக் குரல். சாமத்துக்குப் பிறகு அதே பெயரில் வருகிறவர் குள்ளம், கனத்த சாரீரம். சனத்தில் ஒருவரும் குழம்புவதில்லை. நவீன நாடகக்காரர் இதைக் கனவுத்தன்மை என்று வியக்கலாம். ஊருக்கு அது பங்கீடு. ஒவ்வொரு வேடத்துக்கும் பின்னால் ஒரு வீடு, ஒரு நேர்த்தி, ஒரு உடுப்புச் செலவு இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கும்போது முதலில் போவது இரண்டாம் ராசா. அவரோடு அவருடைய தாயும் மச்சான்மாரும் பங்காளி நிலையிலிருந்து பார்வையாளர் நிலைக்கு இறங்குகிறார்கள். "முந்தின மாதிரி இல்லை" என்பதை "எங்கட பொடியன் இதில் இல்லை" என்று கேட்டால் பொருள் சரியாக விளங்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) என்று மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏற்றியது பெரிய சாதனை. படித்த தமிழருக்குக் கூத்தின் மதிப்பை உணர்த்தியது அதுதான். ஆனால் அங்கே ஆடியவர்கள் மாணவர்கள், பார்த்தவர்கள் நகரத்தார். அந்த அளவுகோலை மாதோட்டத்துக்கு அப்படியே கொண்டுவருகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த ஒன்றை அருகில் வைத்தால் இது தெளியும். டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் படைத்த 'ட்வின் பீக்ஸ்' 1990இல் தொடங்கி 1991இல் நின்றது. கனவும் கொலையும் கலந்த அந்தத் தொடர் 2017இல் பதினெட்டுப் பகுதிகளாகத் திரும்பியது. ரசிகர்கள் காத்திருந்தது துப்பறியும் கூப்பருக்கு. லிஞ்ச் காட்டியதோ கூப்பரின் உருவத்தில், பேச்சு வராமல் மலங்க மலங்க விழிக்கும் டக்கி என்ற மனிதனை. பழைய கூப்பர் விழிக்கப் பதினாறாம் பகுதி வரை பொறுக்கவேண்டியிருந்தது. ஒரு பகுதியினர் கொதித்தார்கள், மறுபகுதியினர் மேதைமை என்று கொண்டாடினார்கள். இரண்டுமே அந்தப் படைப்பில் ஒரு காட்சியைக்கூட மாற்றவில்லை. கலைக்கு அது நல்லது என்றே சொல்வேன். ரசிகர் விருப்பத்துக்கு எழுதியிருந்தால் பழைய தொடரின் காப்பியும் செர்ரிப் பணியாரமுமாய் ஒரு நினைவுநாள் விழாதான் மிஞ்சியிருக்கும். கூத்தோ லிஞ்சைப் போல ஒருவர் கையில் இல்லை. இங்கே ரசிகரே காசு போட்டவர், பிற்பாட்டுக்காரர், நடிகரின் மாமன். அவரை வெறும் ரசிகராக்கிய பிறகு "ரசிக்கத் தெரியவில்லை" என்று குறை சொல்வது அழகில்லை.

"வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போன பொடியள் போக, ஐம்பது பேரை எங்கே தேடுவது? முழு இரவு யார் குந்தியிருப்பார்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, முழு இரவையும் மீட்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து செய்த மீளுருவாக்கம், எதை மாற்றுவது என்ற பேச்சையே கூத்துக்காரரிடம் கொண்டுபோனது. பெண் பாத்திரங்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் அங்கே விவாதம் நடந்தது. மன்னாரில் அதற்கும் எளிய வழி கைவசம் இருக்கிறது. ஒன்றரை மணிக் கூத்திலும் இரண்டு ராசாக்கள் வரலாம், இரண்டாம் ராசா ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். நெடுவல் உள்ளே போக, அதே முடியைத் தலையில் வைத்துக்கொண்டு வேறு உயரத்தில் வேறு குரலில் ஒருவர் வரவு பாடினால் நகரத்து நெறியாளர்தான் தயங்குவார். சனத்துக்கு அது எப்போதோ பழக்கம்.