‘நேரடி வரி. தொடாதீர்’: லைன் என்ற சொல்லும் நம் அகராதிகளும்

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பர்கூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறான். விடிகாலையில் ஊத்தங்கரை ரவுண்டானாவில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன். சேர்ந்த வாரம் கொடுத்த பாதுகாப்புக் குறிப்புத் தாளோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தான். ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். ‘நேரடி வரி. தொடாதீர்’ என்று அச்சாகியிருந்தது.

“வரி கட்டறது தெரியும், வரி ஏய்க்கிறது தெரியும். வரியத் தொடறதுன்னா என்னண்ணா?”

எனக்கும் பிடிபட ஒரு நிமிஷம் ஆச்சு. தாளின் பின்பக்கம் இங்கிலீஷ் இருந்ததால் பிழைத்தோம். மின்சாரம் ஓடுகிற கம்பி, தொடாதே என்பதுதான் சேதி. ‘லைவ்’ என்பதற்கு டிவிக்காரர்களின் ‘நேரடி’யைப் போட்டு, ‘லைன்’ என்பதற்கு நோட்டுப் புத்தகத்தின் ‘வரி’யைப் போட்டால், வருமான வரி இலாகாவின் ‘நேரடி வரி’ வந்து நிற்கிறது. இணைய மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்திருப்பார்கள், யாரும் திரும்பப் படித்திருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தது. கேட்காமல் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டவர்களை நினைத்தபோது சிரிப்பு நின்றுபோனது.

மெஷினைத் திட்டுவது சுலபம். ஆனால் மெஷின் செய்தது நாம் பல காலமாகச் செய்துவருவதைத்தான். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக நாலு தமிழ்ச் சொல்லை கமா போட்டு அடுக்கி, அதில் முதலாவதை எடுத்துக்கொள்வது. இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. லைன் என்கிற ஒரே சொல்லை வைத்துப் பார்க்கலாம்.

நூலில் தொடங்கிய சொல்

ஆங்கில லைனின் மூலம் லத்தீனில் ஆளிச்செடியைக் குறிக்கும் ‘லீனும்’. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. லினன் துணியும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நூலைப் பிடித்து இழுத்தால் நேராக ஒரு கோடு விழும். கோட்டின் மேல் எழுதினால் வரி. கோடு மாதிரி ஆட்கள் நின்றால் வரிசை. ஊருக்கு ஊர் நீண்டால் ரயில் பாதை, கம்பத்துக்குக் கம்பம் நீண்டால் மின்கம்பி. அப்பன், பிள்ளை, பேரன் என்று நீண்டால் வம்சம். ஒருத்தர் தொடர்ந்து செய்கிற தொழில்கூட லைன்தான்: “அவரு எந்த லைன்ல இருக்காரு?”

தமிழுக்கும் இந்தப் பயணம் புதிதல்ல. நம் ‘நூல்’ பஞ்சிலிருந்து திரித்தது, தச்சரும் கொத்தனாரும் பிடிக்கிற நூல், படிக்கிற நூல் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நன்னூல் பாயிரமே புத்தகத்துக்கு நூல் என்ற பெயர் வந்த காரணத்தை நூற்பதிலும், மரத்தின் கோணலைக் காட்டும் தச்சர் நூலிலும் தேடுகிறது. இன்னும் ஒன்று. நம் பட்டறைகளில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ‘ஒரு நூல்’ என்பார்கள். இங்கிலாந்தில் அங்குலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒரு பங்கை லைன் என்று அளந்த காலம் உண்டு.

ஆக, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமல்ல, புழங்குகிற சொல்லுக்கெல்லாம் நேர்வதுதான். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியின் புதிய பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையைப் பிரித்தபோது 645 பொருள் தேறியதாகச் சொல்கிறார்கள். ஒருவர் மாதக்கணக்கில் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறார்.

நம்ம பக்கத்து லைன்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் ஒரு நாளில் காதில் விழுகிற லைன்களை எழுதி வைத்தேன்.

“லைன் ஓடுது” என்றால் ஃபாக்டரியில் உற்பத்தி நடக்கிறது. “லைன் போச்சு” என்றால் கரண்ட் இல்லை. “லைன் கெடைக்கல” என்றால் போன். “லைன்ல வாங்க” என்றால் ரேஷன் கடை. “லைன் வீடு” என்றால் ஒரே சுவரைப் பங்கிட்டு வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள். “லைனுக்குப் போயிருக்காரு” என்றால் வட்டிக்கு விட்ட பணத்தை ஊர் ஊராகப் போய் வசூலிக்கிறார். “லைன் போடறான்” என்றால் அது காலேஜ் பஸ் விவகாரம்.

இத்தனைக்கும் யாரும் குழம்புவதில்லை. ஏன் குழம்புவதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓடினால் ஃபாக்டரி, போனால் கரண்ட், கிடைக்காவிட்டால் போன், போட்டால் வம்பு.

தொல்காப்பியர் இதைத்தான் சொல்லதிகாரத்தில் இலக்கணமாகவே சொல்லிவைத்தார். பல பொருள் ஒரு சொல்லை, வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என்று பிரித்தார். பொருளைத் தெளிய மூன்று வழி காட்டினார்: வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் ‘மா’வை உதாரணம் காட்டுவார்கள். பூத்தால் அது மரம், ஓடினால் விலங்கு. ரவுண்டானாவில் நிற்கிற பையன்கள் தொல்காப்பியம் படிக்காமலே அதன்படி பேசுகிறார்கள். குறிப்புத் தாள் அடித்தவர்தான் அதை மீறியிருக்கிறார்.

கமா என்ன சொல்கிறது?

இப்போது கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதி எதையாவது பிரியுங்கள். பாணி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். லைன்: கோடு, வரி, வரிசை, கயிறு, கம்பி, பாதை, மரபு... இதில் கோடும் வரியும் கிட்டத்தட்ட ஒரே பொருளா? வரியும் கம்பியும் ஒரே பொருளா? கமா பதில் சொல்லாது. ஒத்த சொற்களுக்கு நடுவிலும் அதே கமா, ஒட்டே இல்லாத பொருள்களுக்கு நடுவிலும் அதே கமா. தெரிந்தவனுக்கு இது நினைவூட்டும் பட்டியல், தெரியாதவனுக்குச் சீட்டுக் குலுக்கல்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். அது பெரிய உழைப்பு. இன்றும் மொழிபெயர்ப்பாளர் மேஜையில் அதற்கு இடம் இருக்கிறது. பொருள்களை விரித்துத் தருகிறது, துறையையும் சுட்டுகிறது. ஆனால் அந்தச் சொல் நிற்கிற வாக்கியத்தைத் தருவதில்லை. வாக்கியம் இல்லாவிட்டால் வினை இல்லை. வினை இல்லாவிட்டால் மேலே சொன்ன மூன்று வழிகளில் முதல் வழியே அடைபட்டுவிடுகிறது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம், இந்தக் குழப்பம் நம் மரபில் இல்லாதது என்பதுதான். திவாகரத்தில் பன்னிரண்டு தொகுதிகள். முதல் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள். பதினோராவது ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள். பன்னிரண்டாவது தொகைப் பெயர்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டும் இந்த வரிசையில்தான் போகிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது இந்தப் பிரிவினையோடு சேர்த்துத்தான். 1732-இல் சதுரகராதி எழுதிய வீரமாமுனிவர், நிகண்டுச் செய்யுளை அகரவரிசைக்கு மாற்றினாரே தவிர, இந்தப் பிரிவை மாற்றவில்லை. சொல்லுக்குப் பல பொருளைப் பெயரகராதியிலும், பொருளுக்குப் பல சொல்லைப் பொருளகராதியிலும் தனித்தனியே வைத்தார். இருமொழிக் கையகராதிக்கு வந்தபோதுதான் பதினோராவது தொகுதியையும் முதல் பத்தையும் ஒரே குண்டானில் கொட்டிவிட்டோம்.

ஒரே பொருளுக்குள் நின்றாலும் ஒத்த சொற்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகிவிடாது. ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்ற பொருளை மட்டும் எடுங்கள். எறும்புக்குச் சாரை, படைக்கு அணி, பூவுக்குச் சரம், பல்லுக்கு வரிசை, ஏர் போன தடத்துக்குச் சால். எறும்பு அணி என்றோ பல் சாரை என்றோ யாரும் சொல்ல மாட்டோம். இந்தச் சாலுக்கு எங்கள் எல்லையில் இன்னொரு உயிரும் உண்டு. கன்னடத்தில் ‘சாலு’ என்றால் வரிசை. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் ‘சாலினல்லி நில்லி’ என்பார்கள், வரிசையில் நில்லுங்கள் என்று. இங்கே உழவில் மட்டும் நின்ற சொல், அங்கே க்யூவில் நிற்கிறது.

“அப்படியே லைன்னு விட்டுடலாமே”

ஒரு நண்பர் கேட்டார். “எதுக்கு இந்தக் கஷ்டம்? ஓசூர் கம்பெனில தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் இருக்கு. எல்லாருக்கும் லைன் புரியும். லைன்னே எழுதிடு.”

பாதி நியாயம். மீதிப் பாதிக்கு ‘லைன் கிளியர்’ பதில் சொல்லும். சாமல்பட்டி ஸ்டேஷனில் லைன் கிளியர் என்றால், அடுத்த ஸ்டேஷன் சம்மதித்துவிட்டது, வண்டியை அனுப்பலாம். மின்வாரிய லைன்மேனுக்கு லைன் கிளியர் என்றால், சப்ளையை நிறுத்தி எர்த் செய்தாயிற்று, ஆள் மேலே ஏறலாம். மருந்துக் கம்பெனியில் லைன் கிளியரன்ஸ் என்றால், போன பேட்ச்சின் மாத்திரையோ லேபிளோ மிச்சமில்லாமல் துடைத்தாயிற்று, அடுத்த பேட்ச் தொடங்கலாம். முதலாவதில் லைனில் ஓட்டம் வரப்போகிறது, இரண்டாவதில் ஓட்டம் நின்றிருக்கிறது. அந்தந்தத் தொழிலுக்குள் இருப்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. நேற்று சேர்ந்த டிரெய்னிக்கு, லைன் கிளியர் என்பது சினேகிதர்கள் கிண்டலில் சொல்கிற “உனக்கு லைன் கிளியர்டா” மட்டும்தான். அவனிடம் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் கொடுத்துக் கம்பத்தடியில் நிறுத்த முடியாது.

தனித்தமிழ் ஆர்வலர்களோடும் இதே சண்டைதான் எனக்கு. ‘பாதைத் தெளிவு’ என்று மாற்றிவிட்டால் மூன்று தொழிலில் ஒன்றுக்கும் புரியாது. சொல்லைத் தமிழாக்குகிறோமா, சேதியைத் தமிழாக்குகிறோமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

சில இடத்தில் அந்நியச் சொல்லை அப்படியே வைப்பதுதான் நேர்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களை வெள்ளைக்காரத் துரைமார் அடைத்துவைத்த நீளக் கொட்டடிகளின் பெயர் லைன். மக்கள் வாயில் அது லயன் ஆகி, லயமும் ஆனது. கோப்பிக் காலத்தில் தொடங்கி, தேயிலைக் காலத்தில் தொடர்ந்து, இன்றும் பலர் குடியிருக்கிற வீடு அது. அதை ‘வரிசை வீடு’ என்று பெயர்த்தால் அகராதிப்படி சரி. அந்தச் சொல்லில் ஏறியிருக்கிற தலைமுறைகளின் வாழ்க்கை மட்டும் காணாமல் போய்விடும். இங்கேயும் தீர்மானிப்பது சார்புதான்.

என்ன செய்யலாம்?

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்தபோதே வழி காட்டிவிட்டது. பொருளுக்கு எண் போடு, எண்ணுக்கு ஒரு வாக்கியம் கொடு. ஆனால் அது தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குவது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறவருக்கு அந்தப் பாணியில் ஒன்று வேண்டும். லைனுக்கு நானே ஒரு மாதிரி போட்டுப் பார்த்தேன்:

1. வரைவது: கோடு. ‘மஞ்சள் கோட்டைத் தாண்டாதே.’
2. எழுதுவது: வரி. செய்யுளானால் அடி.
3. நிற்பது: வரிசை. எறும்பானால் சாரை, உழவானால் சால்.
4. மின்சாரம் ஓடுவது: கம்பி, மின்கம்பி. பேச்சில் லைன்.
5. துணி காயப்போடுவது: கொடி.
6. கையில் இருப்பது: ரேகை.
7. குடும்பத்தில் தொடர்வது: வழி, கொடிவழி.
8. ஃபாக்டரியில் ஓடுவது: லைன். மாற்ற வேண்டாம், எல்லோருக்கும் அதுதான் பெயர்.

முழுமையானது அல்ல. தூண்டில் நரம்பு விட்டுப்போயிற்று, கட்சி லைன் விட்டுப்போயிற்று. படிக்கிறவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பெயருக்கு முன்னால் ஒரு வினை நிற்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்தத் தாளை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. பையன் என் மேஜையிலேயே உட்கார்ந்து அந்த இடத்தை அடித்துவிட்டு, ‘கம்பியில் கரண்ட் ஓடுது. தொடாதே’ என்று பேனாவில் எழுதினான். நான் ‘மின்சாரம் பாய்கிறது’ என்று திருத்தப் பார்த்தேன். “கரண்ட்டுன்னாதாண்ணா பக்கத்து மிஷின்ல நிக்கிற ஒடிசாக்காரனுக்கும் படிச்சுச் சொல்ல முடியும்” என்றான். அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் அதைச் சூப்பர்வைசரிடம் காட்டினானாம். அவர் வாங்கி வைத்துக்கொண்டாராம். புதுத் தாள் இன்னும் வரவில்லை.