பதில் வராத பஜனை: ஆலிஸ் கோல்ட்ரேனின் 'துரியா சிங்ஸ்'

பஜனையின் அமைப்பு ரொம்ப எளிமையானது. ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார், கூட்டம் திருப்பிப் பாடும். வேகம் மெல்ல ஏறும், ஜால்ராவும் கைத்தட்டலும் சேரும். மார்கழி வீதி பஜனையானாலும் சரி, யார் வீட்டு ஹாலில் நடக்கும் பஜனையானாலும் சரி, அடிப்படை இதுதான். ஆலிஸ் கோல்ட்ரேனின் 'துரியா சிங்ஸ்' ஏன் இப்படி மனசைப் பிசையுது என்பதற்கு விடை இங்கேதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

ஆலிஸ் 1937இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தேவாலயங்களில் வாசித்தவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்த பிறகு, கோவை மாவட்டத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தாவின் சீடரானார். 1971இல் வந்த அவரது புகழ்பெற்ற ஆல்பத்தின் தலைப்பிலேயே குருவின் பெயர் இருக்கிறது. 'துரியா சிங்ஸ்' 1982இல் கேசட்டாக வந்தது. பெரிய இசை நிறுவனம் எதுவும் வெளியிட்டதல்ல, தன் ஆன்மிக வட்டத்துக்காக அவரே கொண்டுவந்தது. ஒன்பது பாடல்கள். நாமாவளிகளை அவரே பாடுகிறார், உடன் ஆர்கன், சிந்தசைசர், வயலின் வகைக் கருவிகள்.

நம் காதுக்கு முதலில் உச்சரிப்புதான் இடிக்கும். 'கோவிந்த ஹரி' அமெரிக்க வாயில் வேறு மாதிரி வளைகிறது. சந்தமும் நம்முடையது இல்லை. ஆர்கனின் சுரக்கூட்டுகள் அப்படியே தேவாலயத்துடையவை. இரண்டாவது பாட்டுக்குள் இது உறுத்தாமல் போய்விடும். அப்புறம்தான் இன்னொன்று கவனத்துக்கு வரும்: கூட்டம் இல்லை. தபலா இல்லை, வேகமும் ஏறுவதில்லை. ஒரு வரி பாடுகிறார், திருப்பிச் சொல்ல யாரும் இல்லை. அடுத்த வரிக்குப் போகிறார்.

1982 பதிப்பில் அந்த இடைவெளியை சிந்தசைசரும் தந்திகளும் நிரப்பிவிடுகின்றன. வழுக்கி மேலேறும் அந்த ஒலி சிலிர்க்க வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் நமக்குப் பதிலாக அதுவே பதில் சொல்லிவிடுகிறது. 2021இல் மகன் ரவி கோல்ட்ரேன் முயற்சியில் இம்பல்ஸ் வெளியிட்ட 'கீர்த்தன்: துரியா சிங்ஸ்' பதிப்பில் இருப்பது குரலும் வுர்லிட்சர் ஆர்கனும் மட்டுமே. இடைவெளி அப்படியே திறந்து கிடக்கிறது. திருப்பிப் பாடவேண்டிய ஆள் கேட்கிற நாம்தான், நாமோ ஹெட்ஃபோனுக்குள் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறோம். அந்தத் துக்கம் பாட்டில் இருப்பதில்லை, அந்த இடைவெளியில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் 1990இன் 'இன்ஃபினிட் சாண்ட்ஸ்'. அதில் ஆசிரமத்தார் சேர்ந்து பாடுகிறார்கள். கேட்டால் உற்சாகம் வரும், தொண்டை அடைக்காது.

குறையும் உண்டு. ஒன்பது பாட்டும் கிட்டத்தட்ட ஒரே நிதானம், ஒரே நிறம். ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும். தியான இசைப் பட்டியலில் போட்டுப் பின்னணியில் ஓடவிடுவது அதைவிட மோசம், வெறும் மெல்லிய ஆர்கன் சத்தமாகிவிடும். 2021 பதிப்பில் 'ஜகதீஷ்வர்' ஒன்றை மட்டும் வேறு வேலை இல்லாமல் கேளுங்க. பிறகு அதையே 1982 பதிப்பில் கேளுங்க. எது உங்களைப் பாட வைக்குது, எது சும்மா உட்கார வைக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.