வாவிக்கரைக் குரல்களும் காப்பகக் கூட்டுறவும்

அசையும் படிமங்களைப் பேணுதல் பற்றி யுனெஸ்கோ 1980 ஒக்டோபர் 27இல் பெல்கிறேட்டில் ஏற்ற பரிந்துரை, அப்பணியை நாடுகளின் கூட்டுப் பொறுப்பாக்கியது. அப்பொறுப்பு யார் நலனுக்காக நிறைவேறுகிறது என்பதே நம் வினா.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இதற்குச் சான்றாகும். அதன் பேச்சையும் பாடலையும் கபிரிஞ்ஞா ஆடலையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையிலான குழு பதிவுசெய்தது. 2017இல், அப்போது இலண்டனிலிருந்த அழிநிலை மொழிகள் காப்பகத்தில் சேர்ந்த அத்தொகுப்பு, 2021இல் காப்பகத்தோடு பெர்லினுக்கு மாறியது. இப்பணி மதிக்கத்தக்கது.

எனினும், இம்மொழியைக் காத்தோர் பெரும்பாலும் கொல்லர், தச்சர், தையற்காரர் முதலிய உழைப்பாளர். பள்ளியும் சந்தையும் தமிழையும் ஆங்கிலத்தையும் வேண்டி நின்றபோது, வீட்டுமொழி பிழைப்புக்கு உதவாததாயிற்று. மொழியியல் தரவாக மட்டும் கொள்ளப்படும் பதிவு இச்சமூகப் பொருளாதாரக் காரணத்தைச் சொல்லாது. மொழியின் தேய்வை இயற்கை மரணமெனவே காட்டும்.

ஆகவே சேமிப்பின் பருமன் கூட்டுறவின் அளவுகோலாகாது. பதிவுகளின் படிகள் மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற உள்ளூர் நிறுவனங்களில் இருத்தல் வேண்டும். விவரணம் தமிழிலும் அமைதல் வேண்டும். பயன்பாட்டை முடிவுசெய்யும் உரிமை பாடியவர்களிடமே நிலைத்தல் வேண்டும். மக்கள் கைக்கு மீளாத ஆவணம், பேணப்பட்டும் அந்நியமானதே.