பல்கலைக்கழகமும் கூத்துப் பாட்டும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையைப் பாடஞ்சொல்லும் நாம் அதனை இசையிலக்கணப் பகுதியென்றே கருதி, உரைகாரர் தரும் கணக்குகளை விளக்குவதோடு அமைந்துவிடுகின்றோம். அக்காதை ஒரு கல்வித் திட்டமும் ஆகும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். மாதவி ஐந்தாம் வயதிலே பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிலே அரங்கேறுகின்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அவளது அரங்கேற்றத்துக்கு உரியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே கூறுகின்றார். அத்தகுதிகளை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆடலாசிரியன் பாடலும் தாளமும் அறிந்தவன். இசையாசிரியன் யாழையும் குழலையும் மிடற்றுப் பாடலையும் தண்ணுமையையும் ஆடலோடு பொருத்த வல்லவன். ஆசிரியர் பலரேயாயினும், ஒவ்வொருவரும் மற்றவரது கலைக்குள்ளே ஒரு கால் வைத்து நிற்கின்றனர். பலரும் கூடி ஆக்கும் அரங்கு ஒன்றே.

இவ்வுண்மையை அளவுகோலாகக் கொண்டு, நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆடிப்பாடும் நாடகம், சிறப்பாகக் கூத்துப் பாட்டு, கற்பிக்கப்படும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வெளிவாரிப் பட்டதாரியாகிய யான் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலிருந்து கற்றவனல்லன். வெளியே நிற்பவன் குறை காண்பது எளிதென்று சிலர் கூறலாம். ஆயின், அங்கு கற்று வரும் பட்டதாரிகளோடு ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்து, அவர்கள் கற்றது நம் மாணவரை எவ்வாறு வந்தடைகின்றது என்பதைப் பல்லாண்டு கண்டவன் என்ற உரிமை எனக்கு உண்டு.

பேராதனை தந்த பேறு

முதலில் நன்றியுடன் நினைவுகூர வேண்டியவற்றைக் கூறுவோம். 1956 இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அரங்கேற்றியபோது, சிங்கள நாடகத்தின் போக்கே மாறிற்று. நாடகம் எனப்படும் சிங்களக் கிராமியக் கூத்தின் இசையை அந்நாடகத்துக்கு வழங்கியவர் பட்டம் பெற்ற இசைவாணரல்லர். சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் மரபுவழி ஆசான் ஆவார். அக்கிராமியக் கூத்தோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது.

அதே பேராதனையிலே தமிழ் விரிவுரையாளராக விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரிடம் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலிவதை' (1967) என்பன அம்முயற்சியின் பயன்கள். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிற்று. கற்றோர் நாணி ஒதுக்கிய ஒரு கலை கற்றோர் சபையிலே தலைநிமிர்ந்து நின்றது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளிற் பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்ததோடு, கிழக்குப் பல்கலைக்கழகத்திலே இராவணேசனை மீண்டும் மேடையேற்றவும் செய்தார். இவற்றைக் குறைத்து மதிப்பிடுவோர் வரலாறு அறியாதவராவர்.

நிற்க. மேடையிலே வென்றது வகுப்பறையிலும் வென்றதா என்பதே நம் வினா.

கூத்துப் பாட்டின் இயல்பு

கூத்துப் பாட்டைப் பாட்டாக மட்டும் கேட்போர்க்கு அதன் அமைப்பு விளங்காது. களரியிலே கூத்தன் ஒரு தருவின் அடியைப் பாடுகின்றான். பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்று மீட்டும் பாடுகின்றனர். மத்தளமும் சல்லரியும் அவர்களைத் தாங்குகின்றன. அவர்கள் பாடும் அவ்வேளையிலே கூத்தன் தாளக்கட்டுக்கு ஆடுகின்றான். ஆடி முடித்து அடுத்த அடியைப் பாடுகின்றான். நகரத்தார் இதனை வீணான கூறியதுகூறல் என்பர். உண்மை அதுவன்று. அம்மீட்சியே கூத்தனுக்கு மூச்சு. அவன் வாய் ஓயும்போது கால் பேசுகின்றது. கால் தணியும்போது வாய் பேசுகின்றது. பிற்பாட்டு இல்லையேல், சலங்கை கட்டிய காலோடும் பாரமான உடுப்போடும் ஓர் இரவு முழுவதும் எவராலும் பாட இயலாது.

மற்றொன்று, குரலின் பண்பு. களரி வட்டமானது, சுற்றிலும் சனங்கள் அமர்ந்திருப்பர், மேலே கூரையில்லை. கூத்தனின் சொல் நாற்றிசையும் சென்று சேரவேண்டும். ஆதலால் அவன் குரல் திறந்த குரல். சொல்லை முன்னிறுத்தும் குரல். அகாரத்தை நீட்டி இராகத்தின் நுட்பங்களை விரித்தல் அங்கு முதன்மையன்று. தென்மோடியில் இசை நீண்டு இழையும் என்பது உண்மையே. ஆயினும் அங்கும் சொல் அழிவதில்லை.

மூன்றாவது, பயிலும் முறை. சட்டம் கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாக அது நடைபெறும். பாட்டை ஒரு நாளும் ஆட்டத்தை மறுநாளும் கற்பிக்கும் வழக்கம் அண்ணாவியாரிடம் நிலைப்பதில்லை. மத்தளத்தின் சொற்கட்டிலே இரண்டும் ஒன்றாகப் பிறக்கின்றன.

பிரித்துக் கற்பித்தலின் கேடு

இன்று யாழ்ப்பாணத்திலே 1975 இல் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த பீடமும், கல்லடியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் நுண்கலைப் பட்டங்களுக்கு மாணவரைப் பயிற்றுகின்றன. இசை ஒரு துறை. நடனம் ஒரு துறை. நாடகமும் அரங்கியலும் வேறொரு துறை. ஆராய்ச்சிக்கு இப்பிரிவு வசதியானது. ஆயின், பாடிக்கொண்டே ஆடும் கலை இம்மூன்றில் எதற்கு உரியது? இசை மாணவன் அமர்ந்து பாடுகின்றான். பரத மாணவி ஆடும்போது அவளுக்காக வேறொருவர் பாடுகின்றார். நாடக மாணவன் உரையாடலுக்கே மிகுதியும் குரலைப் பழக்குகின்றான். எனவே ஆடும் உடம்பிலிருந்தே பாட்டு எழவேண்டும் என்ற கூத்தின் அடிப்படை விதி ஒரு துறைக்கும் தலையாய கடனாகாது நிற்கின்றது.

இதன் பயனை யான் நேரிற் கண்டேன். மட்டக்களப்புப் பகுதியில் யான் ஆசிரியனாயிருந்த காலத்திலே என்னிடம் கற்ற ஒருவன் பிற்பாட்டுக்காரர் ஒருவரின் மகன். இசையிலே பட்டம் பெற்று ஊர் திரும்பினான். அவ்வாண்டு கோயிற் களரியிலே அவனுக்கு ஓர் அரசன் வேடம் கொடுத்தனர். வரவு விருத்தத்தை அவன் பாடியபோது, அத்தகைய சுருதிச் சுத்தத்தை அக்களரி முன்னர் கேட்டதில்லை எனலாம். இரண்டாவது தாளக்கட்டு முடிந்ததும் மூச்சு வாங்கிற்று. மூன்றாவதில் சொல் தேய்ந்தது. பின்னர் ஆட்டத்தை விட்டு நின்றபடியே பாடினான். விடிந்தபின் முதிய அண்ணாவியார் அவனை அழைத்து, "மனே, பாட்டு நல்லாத்தான் கிடக்கு, கால்தான் பாடயில்ல" என்றார். அவன் தலைகுனிந்து நின்றான். அவனுடைய தந்தை ஒன்றும் பேசாது மத்தளத்தைத் துணியாற் சுற்றிக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுக் கல்வி, அவன் பிறந்து வளர்ந்த களரியிலே அவனை அந்நியனாக்கிற்று. இக்குறை அவனுடையதன்று, அவனுக்கு வாய்த்த பாடத்திட்டத்தினுடையதே.

கூத்தைச் சுருக்குதலிலும் இதே பிழை புகுந்துள்ளது. வித்தியானந்தன் காலத்துச் சுருக்கம், கதையின் ஒருமையையும் பாத்திரத்தின் உள்ளப் போராட்டத்தையும் துலங்கச் செய்யும் நோக்குடையது. அவரைப் பின்பற்றியவர் பலர் அந்நோக்கை விடுத்து, கடிகாரத்தை மட்டும் நோக்கினர். பாடசாலைப் போட்டிகளிலே நிமிடக் கணக்குக்காக முதலில் வெட்டப்படுவது பிற்பாட்டின் மீட்சியே. மீட்சி போனால் மூச்சுப் போகும். மூச்சுப் போனால் பிள்ளைகள் ஆட்டத்தைக் குறைப்பர், அல்லது பாட்டை ஒலிவாங்கியின் முன் அமர்ந்த குழுவிடம் ஒப்படைத்து வாயசைப்பர். கூத்து அங்கே நடனமாகி விடுகின்றது.

சுருதி பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஆண்களே பெண் வேடமும் பூண்ட களரியிலே ஒரே சுருதி எல்லார்க்கும் பொருந்திற்று. இன்று மாணவியரும் ஆட வந்தமை வரவேற்கத்தக்கது. ஆயின் ஆண்குரல் பொதுவாக ஒன்று, இரண்டு கட்டையிலும், பெண்குரல் ஐந்து கட்டையை அண்டியும் இயல்பாக நிற்கும். இருவரையும் ஒரே சுருதியிற் பாடவைக்கும்போது, ஒருவர் கத்துகின்றார், மற்றவர் முணுமுணுக்கின்றார். இதற்கு வழி காண்பது அண்ணாவியாருக்கு மரபிலே வாய்க்காத பணி. இசைத்துறையின் அறிவு உண்மையிலேயே வேண்டப்படும் இடம் இதுவாகும்.

கருநாடக இசை பகையன்று

ஆதலால், கருநாடக இசைப் பயிற்சி கூத்தைக் கெடுக்கும் என்று யான் கூறவில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' ஈழத்துச் சிற்றூர்தோறும் எண்ணற்ற முறை மேடையேறியது. இராகம் தழுவிய பாடலும் அரிச்சந்திரனின் துயரும் அங்கே இரண்டாக நிற்கவில்லை. இசைநாடகத்தின் இசை வேறு, கூத்தின் இசை வேறு. எனினும் பாட்டு பாத்திரத்தின் வாயிலிருந்து பிறக்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. கேடு இராகத்தில் இல்லை; பாடுவோனை உடம்பிலிருந்து பிரிக்கும் பயிற்சியிலே உள்ளது.

செய்யத்தக்கன

குறை கூறி அமைதல் ஆசிரியனுக்கு அழகன்று. முதலாவது, கூத்துப் பாட்டுக்கான செயன்முறைத் தேர்வு ஆடிக்கொண்டே பாடுவதாக அமைதல் வேண்டும். அமர்ந்து பாடுவோர்க்கு அதிற் புள்ளி வழங்கலாகாது. இரண்டாவது, அண்ணாவியார்கள் ஒரு நாள் பட்டறைக்கு வந்து பொன்னாடை பெற்றுச் செல்லும் விருந்தினராக அன்றி, பட்டமின்மை தடையாகாது, ஆண்டு முழுவதும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்த்தப்படல் வேண்டும். மூன்றாவது, மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் ஒரு முறையேனும் ஊர்க் களரியிலே, விடியும்வரை, பிற்பாட்டுக்காரராக நிற்றல் வேண்டும். பிற்பாட்டுப் பாடாதவன் கூத்தனின் மூச்சை அறியான். நான்காவது, இசைத்துறையினரும் நாடகத்துறையினரும் ஒரே கூத்தை ஒருங்கே பழக்கும் வகுப்பு ஒன்றேனும் பாடத்திட்டத்திற் சேர்தல் வேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் இன்று எழுந்து நிற்பது வந்தாறுமூலையிலே. பேராதனை மாணவருக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் ஊர் அது. அன்று கிராமம் பல்கலைக்கழகத்தைத் தேடி மலைநாடு சென்றது. இன்று பல்கலைக்கழகம் கிராமத்தின் நடுவே வந்து நிற்கின்றது. இடைத்தூரம் குறைந்துவிட்டது. இனி, கால் பாடவும் பாட்டு ஆடவும் கற்ற ஒரு மாணவனை அக்களரிக்குத் திருப்பி அனுப்புவதே செய்யவேண்டியது. அவனுடைய தந்தை மத்தளத்தை அவிழ்த்துக் காத்திருப்பார்.