டைப் 64: முதல் போர்ஷேவா, இல்லையா?

2019 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் நடந்த ஆர்எம் சாத்பீஸ் ஏலக் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏலம் விட்டவர் 13 மில்லியன் என்றார். திரையில் 30 விழுந்தது. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம்! திரை 70 மில்லியன் டாலரைத் தொட்டபோது உண்மையான கேட்பு 17தான். திருத்தியதும் அரங்கில் கூச்சல். வண்டி விற்கவில்லை.

எல்லோரும் இந்தக் கூத்தைத்தான் பேசினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. போர்ஷே பெயர் தாங்கிய மிகப் பழைய கார் என்று அதை விளம்பரப்படுத்தினார்களே, அது எவ்வளவு தூரம் சரி?

1939 செப்டம்பரில் நடக்கவிருந்த பெர்லின்-ரோம் பந்தயத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு நிறுவனம் இதை உருவாக்கியது. அடிப்படை, கேடிஎஃப் வாகன்; பின்னாளில் பீட்டில் என்று பெயர் வாங்கிய அதே வண்டி. மேலே ராய்ட்டர் செய்த அலுமினிய உடல். நோக்கம், நாஜி அரசின் 'மக்கள் கார்' திட்டத்துக்கு விளம்பரம். போர் மூண்டது, பந்தயம் நின்றது. செய்த மூன்றில் ஒன்றுதான் முழுசாகத் தப்பியது.

மூக்கில் இருக்கும் போர்ஷே எழுத்துகள்? அவை போருக்குப் பிறகு ஃபெர்ரி போர்ஷே பொருத்தியவை. நம்ம மொழியில் சொன்னால், 1939 கோடுக்குப் பிற்காலத்தில் போட்ட டேக். பெயர் உண்மை, தேதிதான் வேறு. விளம்பரம் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது.

சரி, எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? போர்ஷே நிறுவனம் 1948-ன் 356 நம்பர் 1 வண்டியைத்தான் தன் பெயரில் வந்த முதல் கார் என்கிறது. சட்டப்படி சரிதான். ஆனால் அதில் ஒரு வசதியும் இருக்கு: கதையை 1948-ல் தொடங்கினால், 1939-ல் யாருக்காக வேலை பார்த்தார்கள் என்ற கேள்வி முதல் அத்தியாயத்தில் வராது. விற்பவருக்கு 1939 லாபம், நிறுவனத்துக்கு 1948 லாபம். இரண்டு தேதியிலும் அந்த நாஜித் திட்டம் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தச் சண்டையில் காணாமல் போகிறவர் ஓட்டோ மாத்தே. வலது கை செயலிழந்த ஆஸ்திரியப் பந்தய வீரர். 1949-ல் இதை வாங்கி, பந்தயங்களில் ஓட்டி, 1995-ல் இறக்கும்வரை விற்காமல் வைத்திருந்தார். வண்டி இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பதே அந்த நாற்பத்தாறு வருடப் பிடிவாதத்தால்தான். அதன் மதிப்பைப் பேச 'முதல்' என்ற பட்டம் எதற்கு? இந்த வரலாறே போதும்.