ஏழாம் வாரத்தின் வினா

பாஸ்காப் பண்டிகையின் இரண்டாம் இரவு தொடங்கி, வாரங்களின் திருவிழா வரையில், நாற்பத்தொன்பது நாள்களை ஒவ்வோர் இரவும் எழுந்து நின்று, துதிமொழி கூறி, வாய்விட்டு எண்ணி வருவது யூதர்களின் நியமம். லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரம் வாற்கோதுமைக் கதிர்க் காணிக்கையோடு சேர்த்து விதித்த இந்த ஓமெர் எண்ணிக்கையைப் பிற்காலத்துக் கபாலா ஞானிகள் ஆத்ம பரிசோதனையாக விரித்தனர். கருணை, கண்டிப்பு, இசைவு, நிலைபேறு, பணிவு, பந்தம், ஆட்சி என்று வாரத்துக்கு ஒரு குணமாக ஏழு குணங்களை அவர்கள் வகுத்தார்கள்.

இவ்வரிசையில் ஆட்சி ஏழாவதாக நிற்பதே இந்த நியமத்தின் முதற்சிறப்பு. ஆறு வாரம் தன்னைச் சோதித்துக்கொண்டவனுக்கே அதிகாரத்தைப் பற்றி எண்ணும் தகுதி உண்டு என்பது அதன் குறிப்பு. ஆட்சிக்குச் சுயமாக ஒளியில்லை, மேலுள்ள குணங்களிடமிருந்து பெற்றதையே அது கீழே வழங்குகிறது என்று அந்த ஞானிகள் கூறுவது தலைமையின் கர்வத்துக்குச் சரியான மருந்து. ரபி அகிபாவின் சீடர்கள் இருபத்துநாலாயிரம் பேர், ஒருவரையொருவர் மதிக்காத குற்றத்தால், இந்நாள்களில்தான் மாண்டனர் என்று தல்மூத் கூறுகிறது. கல்வி எத்துணைப் பெரிதாயினும் மரியாதையின்றேல் நாசமே என்ற எச்சரிக்கையை இதைவிடக் கடுமையாகச் சொல்ல இயலாது. ஒரு நாளை முற்றிலும் மறந்தவர் பிறகு துதிமொழியின்றியே எண்ண வேண்டுமென்பது பரவலான வழக்கு; அவ்விதி ரபிக்கும் பாமரனுக்கும் ஒன்றே.

நெம்மேலி முதல் மாமல்லபுரம் வரையுள்ள நம் கடற்கரை ஊர்களிலும் நாள் எண்ணும் விரதம் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டவர் முதலாளியாயினும் கூலியாளாயினும் 'சாமி' என்றே அழைக்கப்படுகிறார்; ஆயினும், நெய்த்தேங்காயை இருமுடிக்குள் வைத்துக் கட்டி, கன்னிச்சாமியின் தலையில் ஏற்றும் உரிமை குருசாமிக்கே உரியது. பதினெட்டாம் ஆண்டு மலையேறுகிறவர் சந்நிதானத்தில் தென்னங்கன்று நடுவதும் மரபு. இங்கே எண்ணிக்கை ஏற ஏற மதிப்பும் ஏறுகிறது. ஓமெரிலோ எத்தனை ஆண்டு எண்ணியவரும் மறு ஆண்டு முதல் நாளிலிருந்தே தொடங்குகிறார். தலைமையின் கண்ணோட்டத்தில் பார்த்தால், பிந்திய ஏற்பாடே செருக்குக்கு இடங்கொடாதது என்பேன்.

ஆனால் இத்தனை நுட்பமான சோதனையிலும் ஒரு பெருங்குறை உண்டு. வினா எழுப்புபவனும் விடை கூறுபவனும் தீர்ப்பளிப்பவனும் ஒருவனே; ஆளப்படுகிறவன் அந்த அவையில் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. 1568-இல் எழுந்த கொச்சிப் பரதேசி ஜெபாலயத்தின் சரித்திரம் இதற்குச் சான்று. நாள் எண்ணும் கடமை வழுவாத அச்சமூகமே, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோரின் சந்ததியாரைத் தலைமுறை தலைமுறையாக ஆசனத்தில் அமரவிடாமல் விலக்கி வைத்திருந்தது. அச்சந்ததியில் 1882-இல் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று திரும்பிய ஏ. பி. சாலம், காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியை அந்த ஜெபாலயத்துக்குள்ளேயே கைக்கொண்டு போராடிய பிறகே அத்தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆண்டுதோறும் ஏழாம் வாரம் வந்து போயிருந்தும், அநீதி அந்த எண்ணிக்கைக்குள் அகப்படவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவன் பேசிய பின்பே அகப்பட்டது.

தனிமனிதனின் உள்ளத்தைத் திருத்த வந்த நியமத்திடம் சமூக நீதியை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். ஏனைய ஆறு குணங்களைக் குறித்து அவ்வாதம் செல்லும். கருணையையும் பணிவையும் ஒருவன் தன் நெஞ்சுக்குள் ஓரளவேனும் அளந்துகொள்ள முடியும். ஆட்சியோ பிறர்மேல் செலுத்தப்படுவது. அதன் பாரம் அதைச் சுமப்பவனுக்கே தெரியும். ஆகவே, ஆறு வாரங்கள் அகத்தை நோக்கிக் கேட்ட வினாவை ஏழாம் வாரத்தில் ரபி தம் சபையின் கடைசி வரிசையிலிருப்பவரிடமும், குருசாமி தம் கன்னிச்சாமியிடமும் கேட்டு, வரும் விடை கசப்பாயினும் மறுக்காமல் ஏற்பாராயின், இந்தச் சிறந்த நியமத்தின் குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.